மலையகத்து டீவி கேமும் டெண்டி என்ற ருஷ்யப் பெயரும்

பழைய வீடியோ விளையாட்டு இயந்திரங்களை இன்றைய கணினிக்குள் மீண்டும் இயங்கச் செய்யும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். பெரும்பாலானோர் அதை விளையாடுவதற்காகவே பாவிக்கின்றனர். ஆனால் இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கணத்துக்குக் கணம் நிறுத்திப் பார்க்கும் கருவிகளோடு, நிரல் எழுதுவோருக்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட எமுலேட்டர்களும் உண்டு. எஃப்.சி.இ.யு.எக்ஸ்., மெசன் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. மெசனின் அமைப்புப் பட்டியலைத் திறந்தால், எந்த நாட்டு இயந்திரமாக இயங்க வேண்டும் என்ற வினாவுக்கு மூன்று விடைகள் இருக்கின்றன. என்.டி.எஸ்.சி., பால், டெண்டி.

முதலாவது ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் உரியது. இரண்டாவது மேற்கு ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும். மூன்றாவதாக நிற்கும் ருஷ்யப் பெயருக்குப் பின்னால்தான் ஹட்டனும் டிக்கோயாவும் பொகவந்தலாவையும் இருக்கின்றன என்று சொன்னால் வாசகர்கள் நம்பத் தயங்கலாம்.

1992ஆம் ஆண்டு பெருந்தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட காலத்தில் நான் இளம் செய்தியாளன். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிய அந்த வருடங்களில் பல லயங்களுக்கு மின்சாரம் எட்டியிருக்கவில்லை. ஆயினும் தொலைக்காட்சி எட்டியிருந்தது. 12 வோல்ட் கார் பற்றரியில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. பற்றரி தீர்ந்துவிட்டால் அதை பஸ்ஸில் ஏற்றி டவுனுக்கு அனுப்பிச் சார்ஜ் செய்து எடுத்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் நடுவில் பற்றரி இறங்கிப்போய், திரை சுருங்கி மறைவதைப் பார்த்துப் பத்துக் குடும்பங்கள் ஒன்றாகப் பெருமூச்சு விட்டதை நேரிலே கண்டிருக்கிறேன்.

அந்தப் பெட்டிகளோடுதான் டீவி கேம் வந்து ஒட்டிக்கொண்டது. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மார் கொண்டு வந்தது ஒரு வழி. கொழும்பில் கடைகளில் வேலை பார்த்த அண்ணன்மார் தீபாவளிக்குப் புறக்கோட்டையில் வாங்கி வந்தது இன்னொரு வழி. சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு கைப்பிடிகள், மேலே செருகும் மஞ்சள் நிறக் கசட். கசட்டின் மேல் 99,99,999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவை நாலைந்துதான். அவையே வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கட்டத்தில் தொடங்கும்படி திரும்பத் திரும்ப வரும். தேர்தல் விஞ்ஞாபனம் படித்துப் பழகிய எனக்கு இதில் வியப்பொன்றும் இருக்கவில்லை.

இந்தப் பெட்டியின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15ஆம் திகதி ஃபமிலி கொம்பியூட்டர் என்ற பெயரில் வெளியிட்ட இயந்திரம் அது, சுருக்கமாக ஃபமிகொம். ரிக்கோ கம்பனி செய்து கொடுத்த அதன் மூளை, 1975இல் அமெரிக்காவில் 25 டொலருக்கு விற்பனைக்கு வந்த 6502 என்ற சில்லின் வழித்தோன்றல். வேலை செய்யும் நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985இல் வந்த சூப்பர் மாரியோ விளையாட்டு முழுவதும், படங்கள் உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குள் அப்படிப் பல மாரியோக்களைப் போட்டு மூடலாம்.

தைவானின் சில் உற்பத்தியாளரான யு.எம்.சி. இந்த மூளையைப் பார்த்து நகல் சில்கள் செய்தது. அவற்றைக் கொண்டு பல தொழிற்சாலைகள் பெட்டிகளை ஆக்கித் தள்ளின. மைக்ரோ ஜீனியஸ் என்ற தைவான் வணிகப் பெயர் தெற்காசியா முதல் தென்னாபிரிக்கா வரை பரவியது. அதே பெட்டியை மொஸ்கோவின் ஸ்டீப்ளர் நிறுவனம் 1992 இறுதியில் டெண்டி என்று பெயரிட்டு, யானைக்குட்டிச் சின்னத்தோடு, தொலைக்காட்சி விளம்பரம் செய்து விற்றது. ருஷ்யாவில் ஒரு தலைமுறைக்கே அந்தப் பெயர் மனப்பாடம். நமக்கோ அதற்குப் பெயரே இருக்கவில்லை. டீவி கேம், அவ்வளவுதான். பெயர் வைத்தவனே வரலாற்றில் இடம் பிடிக்கிறான். பிற்காலத்தில் எமுலேட்டர் எழுதியவர்கள் இந்த நகல் இனத்துக்கு ஒரு தலைப்புத் தேடியபோது ருஷ்யப் பெயர் கையில் கிடைத்தது, அதையே இட்டார்கள்.

பெயரைவிட முக்கியமான இன்னொன்றும் நம்மிடம் இருக்கவில்லை. இயந்திரத்தைப் பற்றிய ஏடு. நின்டெண்டோ தன் இயந்திரத்தின் உள்ளமைப்பைப் பற்றிய தொழில்நுட்பக் குறிப்புகளை உரிமம் பெற்ற கம்பனிகளுக்கு மட்டுமே கொடுத்தது. அமெரிக்காவில் 1985இல் விற்பனைக்கு விட்டபோது, அனுமதியில்லாத கசட்டை ஏற்காத ஒரு பூட்டுச் சில்லையும் சேர்த்தே விட்டது. தைவான் நகல்கள் அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டன. ஆனால் ஏட்டைத் தரவில்லை. ஆகவே உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரு கணினி இருந்தது, அதற்கு எப்படி நிரல் எழுதுவது என்று அந்த வீடுகளில் எவருக்கும் தெரியாது.

அந்த ஏட்டைத்தான் எமுலேட்டர்க்காரர்கள் பின்னால் எழுதினார்கள் என்பது என் கருத்து.

எமுலேட்டர் என்ற எண்ணம் விளையாட்டில் பிறந்ததன்று. 1964இல் ஐ.பி.எம். தன் 360 வரிசைக் கணினிகளை அறிவித்தபோது, பழைய 1401 இயந்திரத்துக்கென எழுதப்பட்ட நிரல்களை வாடிக்கையாளர் எறிந்துவிடாமல் புதியதில் ஓட்ட வழி செய்தது. கணக்கு வழக்குக்காகப் பிறந்த வித்தை அது. 1990களில் வீட்டுக் கணினிகளுக்குப் போதிய வேகம் வந்ததும் தனியாட்கள் அதை ஃபமிகொம் மீது பிரயோகித்தனர். மராட் ஃபைசுலின் என்பவர் 1996 அளவில் ஐநெஸ் என்ற எமுலேட்டரை எழுதினார். ஒரு கசட்டின் உள்ளடக்கத்தைக் கோப்பாக வைக்கும்போது அதன் தலையில் 16 பைட் குறிப்பு ஒன்றை அவர் வைத்தார். இன்றுவரை உலகம் முழுவதும் அதையே பின்பற்றுகிறது. 1997 ஏப்ரலில் வந்த நெஸ்டிக்கிள் மலிவான கணினியிலும் வேகமாக ஓடியதால் காட்டுத்தீயாகப் பரவியது. அதே காலத்தில் சிலர் இயந்திரத்தின் பதிவிகளையும் நேரக் கணக்குகளையும் சோதனை மூலம் கண்டறிந்து, சாதாரண எழுத்துக் கோப்புகளாக இணையத்தில் போட்டு வந்தனர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார். ஓலைச்சுவடிக்குப் பாடபேதம் பார்த்த பதிப்பாசிரியர்களின் வேலை போலவே இருந்தது அது.

அந்தக் காலத்து எமுலேட்டர்கள் உண்மையில் ஏமாற்று வித்தைக்காரர்கள். திரையில் தெரிவது சரியாக இருந்தால் போதும், உள்ளே நடப்பது எப்படியும் போகட்டும் என்பதே கொள்கை. விளையாடுகிறவனுக்கு அது போதும். புதிதாக நிரல் எழுதுகிறவனுக்குப் போதாது. எமுலேட்டரில் ஓடிய அவனுடைய நிரல் உண்மையான பெட்டியில் செருகியதும் படுத்துவிடும். இந்த எரிச்சலிலிருந்துதான் டிபக்கர் உள்ள எமுலேட்டர்கள் பிறந்தன. மார்ட்டின் கோர்த் என்பவர் கேம் போய், பின்னர் கேம் போய் அட்வான்ஸ் ஆகிய கைப்பெட்டிகளுக்கு எழுதிய எமுலேட்டர்களில் இந்த வேறுபாடு வெளிப்படையாகவே தெரிந்தது. அட்வான்ஸ் எமுலேட்டரில் விளையாடுவோருக்கு இலவசப் பதிப்பு; நிரலாளருக்கு டிபக்கர் கொண்ட, காசுக்கு விற்ற பதிப்பு. ஃபமிகொம் பக்கத்தில் எஃப்.சி.இ. என்ற எமுலேட்டரிலிருந்து பல கிளைகள் பிரிந்தன. அவற்றில் ஒன்று டிபக்கரையே முதன்மையாக வளர்த்தது. 2008இல் கிளைகள் ஒன்றுசேர்ந்து எஃப்.சி.இ.யு.எக்ஸ். ஆயின.

டிபக்கர் என்ன செய்யும்? கலைப்பட்டதாரியான எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். சூப்பர் மாரியோவில் எஞ்சியிருக்கும் உயிர்களின் எண்ணிக்கை நினைவகத்தில் 075ஏ என்ற முகவரியில் இருக்கிறது. அந்த முகவரியில் யாராவது கை வைத்தால் உடனே ஆட்டத்தை நிறுத்து என்று டிபக்கரிடம் சொல்லி வைக்கலாம். மாரியோ பள்ளத்தில் விழுகிறான். இசை பாதியில் உறைகிறது. எந்தக் கட்டளை அந்த எண்ணில் ஒன்றைக் குறைத்ததோ அந்தக் கட்டளை கண்முன் நிற்கிறது. அடுத்த வரியைப் படித்தால், எண் கழித்தலாகிவிட்டதா என்று மட்டுமே அது சோதிப்பது தெரியும். எட்டு பிட் எண்ணில் 127க்கு மேற்பட்டவை கழித்தல் எண்ணாகக் கொள்ளப்படும். ஆகையால் ஆமையின் மேல் குதித்துக் குதித்து அளவுக்கு மீறி உயிர் சேர்த்தவன் ஒரே சாவில் ஆட்டத்தையே இழப்பான். நம்மூரில் இதைக் கசட்டுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. பேயின் முகவரியை டிபக்கர் காட்டிக்கொடுத்துவிட்டது.

இவை தவிர, கசட்டின் எந்த பைட் கட்டளை, எந்த பைட் வெறும் தரவு என்று ஓடும்போதே குறித்துக்கொள்ளும் பதிவேடு ஒன்று உண்டு. ஓடிய கட்டளைகளை எல்லாம் வரிசையாக எழுதித் தரும் தடப்பதிவும் உண்டு. பட ஓடுகளைப் பரப்பிக் காட்டும் சாளரம் வேறு. மெசனில், திரையின் எந்தக் கோட்டை வரையும்போது எந்தப் பதிவி தொடப்பட்டது என்பதைப் புள்ளி புள்ளியாகக் காட்டும் வரைபடம் இருக்கிறது. செய்தி ஆசிரியர் மேசையில் இப்படியொன்று இருந்திருந்தால் எத்தனை வதந்திகள் அச்சேறாமல் தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கணினித் தமிழில் நிரற்பிழைக்கு வழு என்று பெயரிட்டிருக்கிறார்கள். பொருத்தமான சொல். நம் இலக்கணத்தில் வழு உண்டு, வழாநிலை உண்டு. மூன்றாவதாக வழுவமைதி என்று ஒன்றும் உண்டு. பிழைதான், ஆயினும் காரணம் கருதி ஏற்கப்பட்டது. எமுலேட்டர் எழுதுவோரின் தலைவலி முழுவதும் இந்த மூன்றாவது வகையில்தான். 6502 சில்லில் ஒரு தாவல் கட்டளை, பக்க எல்லையில் இருக்கும் முகவரியைத் தவறாகப் படிக்கும். படச் சில்லோ, ஒரே கோட்டில் எட்டுக்கு மேற்பட்ட உருவங்கள் வந்தனவா என்று பிழையாக எண்ணும். இந்தப் பிழைகளைத் திருத்தி எமுலேட்டர் எழுதினால் அது நல்ல இயந்திரம். ஆனால் அந்த இயந்திரம் அன்று. பிழையைப் பிழையாகவே பிரதி செய்ய வேண்டும். இதற்காகவே சோதனை நிரல்களை எழுதி வெளியிட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மேலே போய், 2010இல் ஒரு குழுவினர் 6502 சில்லின் மேலோட்டை அகற்றி, உள்ளிருக்கும் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்களையும் புகைப்படமெடுத்து, அவற்றின் இணைப்புகளைக் கணினியில் மறுபடி இயக்கிக் காட்டினர்.

இனி டெண்டிக்கு வருவோம். ஃபமிகொம் நொடிக்கு 60 படம் காட்டும் ஜப்பானியத் தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டது. இலங்கையின் பால் முறைத் தொலைக்காட்சி நொடிக்கு 50 படம் காட்டுவது. நின்டெண்டோ ஐரோப்பாவுக்கென அதிகாரபூர்வமாகச் செய்த 50 படப் பெட்டியில் மூளையின் வேகத்தை 1.79 மெகாஹேர்ட்ஸிலிருந்து 1.66ஆகக் குறைத்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான ஓய்வும் 20 கோடுகளிலிருந்து 70 கோடுகளாக நீண்டது. இதனால் ஜப்பானிய விளையாட்டுகள் சில அதில் தடுமாறின. தைவான் பொறியியலாளர்களுக்கு அந்தச் சொகுசு கிடையாது. நகல் கசட்டுகள் யாவும் ஜப்பானியப் பதிப்புகள். எதையும் திருத்தி எழுத ஆளில்லை. ஆகவே மூளையை 1.77 மெகாஹேர்ட்ஸில் ஓடவிட்டார்கள். படம் வரைந்து முடிந்த பின் 51 வெற்றுக் கோடுகளைச் சும்மா கழியவிட்டு, அதன் பின்பே பழைய 20 கோட்டு ஓய்வைத் தொடங்கினார்கள். ஜப்பானிய நிரலுக்குத் தான் வெளிநாட்டில் இருப்பதே தெரியாது. நகல் செய்தவனின் கெட்டித்தனம் என்று நான் வியந்தது இந்த இடத்தில்தான்.

விளைவு என்ன? நிரல் படத்துக்குப் படம் அடியெடுத்து வைப்பது. 60க்குப் பதில் 50 படம் என்றால், மலையகத்தில் ஓடிய மாரியோ ஜப்பானிய மாரியோவின் வேகத்தில் ஆறில் ஐந்து பங்கில்தான் ஓடினான். இசையின் தாளமும் அதே அளவு தளர்ந்தது. ஆனால் மூளையின் வேகம் ஏறக்குறைய மாறாததால் சுருதி மட்டும் ஒரு சதவீதத்துக்குள்தான் இறங்கியது. ஐரோப்பியப் பெட்டியிலோ அது ஏழு சதவீதம்.

டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, இப்போது கொழும்பில் மென்பொருள் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவரோடு இதைப் பற்றிக் கதைத்தபோது அவர் சொன்னது என்னை இக்கட்டுரை எழுதவே தூண்டியது. முதன்முதலாக எமுலேட்டரில் தன் பழைய விளையாட்டைப் போட்டபோது வேகம் மட்டுமன்றி ஓசையின் குரலே வேறாக ஒலித்ததாம். "இது எங்கட பாட்டு இல்லையே" என்றுதான் தோன்றியதாம். பிள்ளைப் பருவ ஞாபகம் ஏமாற்றுகிறது என்று பலர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஞாபகம் ஏமாற்றவில்லை. அந்த இயந்திரத்தின் சதுர அலை ஓசைக்கு நான்கு வடிவங்கள் உண்டு. ஒவ்வோர் அலையிலும் மின்னழுத்தம் எத்தனை பங்கு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கும். கால் பங்கு என்றால் மூக்கால் பாடுவது போன்ற மெல்லொலி. அரைப் பங்கு என்றால் குழலின் உள்வெறுமை போன்ற ஒலி. யு.எம்.சி. நகல் சில்களில் இவ்விரண்டும் இடம் மாறிவிட்டிருந்தன. மெசனிலும் எஃப்.சி.இ.யு.எக்ஸிலும் இதற்கென்றே ஒரு தெரிவு உண்டு. அதைக் குறியிட்டு, டெண்டி முறையையும் தேர்ந்து, அவர் மறுபடி ஓட்டிக் காட்டினார். ஒலிப்பெட்டியிலிருந்து வந்தது 1990களின் லயத்து வாசல்.

ஒரு நகல் பெட்டியின் தவறு, முறையாகப் பதிவாகியிருந்த காரணத்தால், ஒரு மனிதரின் நினைவு உண்மை என்று நிரூபணமாகியது. பத்திரிகைத் தொழிலில் இவ்வளவு தெளிவான சாட்சியம் எனக்கு அடிக்கடி கிடைத்ததில்லை.

இந்த நகல் பெட்டிகளைக் கொண்டு கல்வி புகட்டலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. விசைப்பலகையோடு சேர்த்து இந்தியச் சந்தைகளில் மலிவாக விற்கப்பட்ட ஃபமிகொம் நகல்களைக் கண்ட டெரெக் லோமஸ் என்ற அமெரிக்கரும் நண்பர்களும் பிளேபவர் என்ற முயற்சியைத் தொடங்கினர். 2008இல் 12 டொலர் கணினி என்று உலகப் பத்திரிகைகளில் அது செய்தியானது. மூலப் பெட்டியின் உரிமைகள் காலாவதியாகிவிட்ட நிலையில், ஏழை வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் கற்றல் விளையாட்டுகளை எழுதுவதே திட்டம். கைபேசி மலிந்ததும் அந்தப் பாதை அடைபட்டது. ஆனால் கேள்வி சரியானது: பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, எழுதுவதற்கு ஏடுதான் வேண்டும்.

தமிழில் எழுதுவது என்றால் இன்னொரு தடை உண்டு. இயந்திரம் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி ஓடுகளாகவே வரையும். பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 ஓடுகள். நம்முடைய எழுத்துகள் 247. இடம் இருக்கிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். எட்டுப் புள்ளி அகலத்தில் ஆங்கில எழுத்து வசதியாக அமர்ந்துவிடும். மூன்று சுழி ‘ண’வை அதில் அடைக்க முயன்றால் எறும்பு நசுங்கியது போலிருக்கும், இரண்டு ஓடுகள் வேண்டும். ‘கொ’ என்பதைக் கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பிரித்து ஓட்டுச் செலவைக் குறைக்கலாம். ‘கு’, ‘மு’, ‘று’ போன்ற உகர வரிசைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொன்றும் தனி வடிவம். மேலே சொன்ன இளைஞர் கொழுந்துக் கூடையை நிரப்பி நிறுவைக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு சிறு விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறார். ‘கொழுந்து’ என்ற ஒரே சொல் அவருக்கு ஒரு மாலைப்பொழுதைத் தின்றதாம். ஓட்டுச் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘ழு’வின் வாலை ஒவ்வொரு புள்ளியாக அவர் நகர்த்தியதை நான் பார்த்தேன்; அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்தவர்களின் பொறுமை அது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. எமுலேட்டர் எழுதுவது குற்றமன்று என்பதை அமெரிக்காவில் சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிலைநாட்டியது. விளையாட்டுக் கோப்புகளை நகலெடுத்துப் பரப்புவது வேறு விடயம். அது உரிமை மீறல்தான். 2024இல் யூசு என்ற எமுலேட்டரை நடத்தியோர் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டொலர் கொடுக்க இணங்கி, அதைக் கைவிட்டனர். புதிய இயந்திரங்களின் பூட்டை உடைக்கும் விவகாரம் அது. சொந்தமாக நிரல் எழுதி, டிபக்கரில் ஓட்டிப் பார்ப்பவரை எவரும் கேட்க முடியாது.

எனது கவலை வேறு. யு.எம்.சி.யின் சில்களைப் பற்றித் தெரிந்திருப்பது, ருஷ்யாவிலும் போலந்திலும் பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள் இருந்ததால். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழரின் ஏடுகளையும் பத்திரிகைகளையும் மலையக ஆவணங்களையும் எண்ணிம வடிவில் காக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். டீவி கேம் பெட்டியைத் தேடுவார் யாருமில்லை. பின்னாளில் வந்த பெட்டிகளில் முழு இயந்திரமும் ஒரே சில்லுக்குள் ஒடுங்கி, கறுப்புப் பசைக் குமிழ் ஒன்றின் அடியில் மறைந்துவிட்டது. அவற்றில் எத்தனை விதம், ஒவ்வொன்றும் எங்கே பிழைத்தது என்பது இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

ஊரில் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ அப்படியொரு பெட்டி கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் பின்புறத்து ஆணிகளைக் கழற்றிப் பாருங்கள். நாற்பது கால் கொண்ட இரண்டு நீளச் சில்கள் இருந்தால், மேலே யூ.ஏ. 6527பி என்றும் யூ.ஏ. 6538 என்றும் எழுத்து இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். கறுப்புக் குமிழ் மட்டும் இருந்தால் பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, யார் வாங்கி வந்தார்கள், எந்தத் தோட்டம் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.